கெர்னல் மாறினால் காணாமல் போகும் மெய்நிகர் கேமரா

கேள்வி: மெய்நிகர் கேமராவை உருவாக்கும் வி4எல்2லூப்பேக் டிரைவரில் சிறு மாற்றம் செய்து, டெபியன் லினக்ஸுக்காக ஒரு டெப் பொதி (நிறுவல் கோப்பு) கட்டினேன். என் கணினியில் நன்றாக ஓடுகிறது. நண்பர்களின் கணினியில் கெர்னலை (இயங்குதளத்தின் கருவை) புதுப்பித்த மறுநாளே வீடியோ சாதனம் காணவில்லை. எப்படிச் சரிசெய்வது?

பதில்: பொதியைத் திறந்து பார்க்காமலே சொல்லலாம், கம்பைல் செய்த மாட்யூலை, அதாவது கெர்னலில் ஏற்றும் டிரைவர் கோப்பை, உள்ளே வைத்திருக்கிறீர்கள். லினக்ஸில் மாட்யூல்கள் கெர்னல் பதிப்பு வாரியாகத் தனித்தனி அடைவில் இருக்கும். புதுக் கெர்னல் பழைய அடைவை எட்டியும் பார்க்காது. கோப்பை நகர்த்தி வைத்தாலும் பலன் இராது. கெர்னலின் உள் இடைமுகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

மூலநிரலைப் பொதியாக்குங்கள், ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூலைக் கட்டும் வேலையை டிகேஎம்எஸ் என்ற கருவி பார்த்துக்கொள்ளும். நிரல் யூஎஸ்ஆர் அடைவின் எஸ்ஆர்சி பகுதியில், பெயர்-பதிப்பு என்ற துணை அடைவில் உட்கார வேண்டும். கூடவே டிகேஎம்எஸ் கான்ஃபிக் கோப்பு: மாட்யூலின் பெயர், பதிப்பு, எங்கே நிறுவ வேண்டும் என்பவை. அதில் ஆட்டோஇன்ஸ்டால் வரியை மறந்தால், உங்கள் நண்பர்கள் அடுத்த கெர்னலில் மறுபடி உங்களைத் தேடி வருவார்கள். நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுகளைக் கையால் எழுத வேண்டாம், டெபியன் பொதி கட்ட உதவும் டெப்ஹெல்பரின் டிகேஎம்எஸ் துணைநிரல் எழுதித் தரும்.

பலர் சறுக்குவது, எப்படிக் கட்டுவது என்று சொல்லும் மேக்ஃபைலில்தான். கெர்னல் பதிப்பை அறிய 'யூநேம்' கட்டளையை அதில் எழுதியிருப்பார்கள். அது சொல்வது இப்போது ஓடுகிற கெர்னலை. புதுப்பிப்பு நடக்கும் நேரத்தில் ஓடுவது பழையது, கட்ட வேண்டியது புதியதற்கு! ஆகவே டிகேஎம்எஸ் தருகிற கெர்னல்வெர் மாறியையே பயன்படுத்துங்கள். சோதிக்க மறுதொடக்கம்கூட வேண்டாம். இரண்டு கெர்னல்களையும் அவற்றின் ஹெடர்களையும் (மாட்யூல் கட்டத் தேவையான கெர்னல் கோப்புகள்) நிறுவி, ஓடாத கெர்னலின் பதிப்பைக் கொடுத்துக் கட்டிப் பாருங்கள். தோற்றால், வார் அடைவின் லிப் பகுதியில் டிகேஎம்எஸ் விட்டுவைக்கும் மேக் பதிவுக்கோப்பில் காரணம் இருக்கும். பெரும்பாலும் ஹெடர் இல்லாததுதான். அதற்காகக் குறிப்பிட்ட பதிப்பின் ஹெடரைச் சார்புப் பட்டியலில் போட்டுவிடாதீர்கள், அடுத்த கெர்னலுக்கு அது உதவாது.

நம்பகமான சாவியால் கையொப்பமிட்டதை மட்டுமே ஏற்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கட்டுமானம் வெற்றி என்று வரும், ஆனால் மாட்யூல் ஏறாது. டிகேஎம்எஸ் உருவாக்கும் சாவியை மோக்யூட்டில் என்ற கருவியைக் கொண்டு பதிவுசெய்து, மறுதொடக்கத்தின்போது திரையில் உறுதிசெய்ய வேண்டும். பொதியால் இதைத் தானாகச் செய்ய முடியாது. ரீட்மீ கோப்பில் எழுதிவையுங்கள்.

அப்புறம், பெயர். டெபியனில் ஏற்கெனவே வி4எல்2லூப்பேக்-டிகேஎம்எஸ் என்ற பொதி இருக்கிறது. உங்களுடையதும் அதே பெயரில் மாட்யூலை நிறுவினால் இரண்டும் மோதும். மோதலைப் பொதியின் விவரங்கள் இருக்கும் கண்ட்ரோல் கோப்பில் அறிவியுங்கள், அல்லது மாட்யூலின் பெயரையே மாற்றுங்கள். என்னைக் கேட்டால், அந்தச் சிறு மாற்றத்தை மூலத் திட்டத்துக்கே பேட்சாக அனுப்பிப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் பொதி கட்டும் வேலையே மிச்சம்.