கார்டில் தளிர், சுவரில் மருத்துவமனை

கேள்வி: கூடத்துக்கும் படுக்கையறைக்கும் மென்மையான பச்சை அடிக்க எனக்கு நெடுநாள் ஆசை. ஷேட் கார்டில் இளந்தளிர் போலத் தெரிந்த ஒரு நிறத்தைக் கூடத்துச் சுவரில் ஒரு சிறு பகுதியில் பூசிப் பார்த்தோம். பகலில் கண்ணைக் குத்துகிறது. இரவில் விளக்கைப் போட்டால் மருத்துவமனைச் சுவர் போல இருக்கிறது. பழைய சுவர் வெளிர் ரோஜா நிறம், தரை செம்பழுப்பு ஓடு, ஜன்னல்களில் நேர்வெயில் விழுவதில்லை. வெள்ளையே போதும் என்கிறார் கணவர். பச்சையைக் கைவிட வேண்டியதுதானா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, கைவிட வேண்டாம். ஆனால் நீங்கள் செய்து பார்த்த சோதனையை நம்பவும் வேண்டாம். ரோஜா நிறச் சுவரின் நடுவே பூசிய பச்சை, தன் இயல்பைவிடக் கூடுதல் பச்சையாகத்தான் தெரியும். சிவப்புச் சாயலும் பச்சையும் அருகருகே இருக்கும்போது ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டுவது கண்ணின் இயல்பு. பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல், திரைச்சீலை நெய்யும் கூடமொன்றில் சாயங்கள் மங்கித் தெரிவதாக வந்த புகார்களை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டறிந்து 1839-இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். உங்கள் சுவரில் நடந்ததும் அதுவே.

ஆகவே, பழைய சுவரின் மேல் நேரடியாகப் பூசிப் பார்க்காதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி அளவுள்ள வெள்ளை அட்டையில், ஓரத்தில் நான்கு விரல் அகலம் வெள்ளையாகவே விட்டு, இரண்டு கோட் அடித்து, முழுவதும் காய்ந்தபின் பாருங்கள். எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது ஒரு நிறமாகவும் காய்ந்தபின் பெரும்பாலும் சற்று அடர்த்தியாகவும் தெரியும். அந்த அட்டையை ஒருநாள் ஜன்னல் எதிரிலும், மறுநாள் ஜன்னலை ஒட்டிய இருண்ட மூலையிலும், தரையோடு சேர்த்து நிமிர்த்தியும் வைத்து, காலை, மதியம், இரவு மூன்று வேளையும் பார்ப்பது அவசியம். ரோஜா நிறம் பூச்சுக்குப்பின் மறைந்துவிடும். செம்பழுப்புத் தரையோ அங்கேயேதான் இருக்கப்போகிறது.

அந்தத் தரைக்காகவே, தளிர்ப் பச்சை, பிஸ்தா, கிளிப்பச்சை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, சாம்பல் பூத்த பச்சையை நாடுங்கள் என்று சொல்வேன். கார்டில் அது உயிரற்று, ஏறக்குறைய சாம்பலாகவே தெரியும். அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். நான்கு சுவர்களிலும் ஏறும்போது ஒரு சுவரின் நிறம் மற்றொன்றில் பட்டுத் திரும்புவதால், கார்டில் மங்கலாக இருந்த பச்சை அறையில் போதிய பச்சையாகிவிடும். நேர்வெயில் வராத அறையின் வெளிச்சம் நீலம் கலந்தது. ஆகவே நீலச் சாயலுள்ள பச்சையைத் தவிர்த்து, மஞ்சள் சாயல் சிறிதளவு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கருமைக்கு 0, வெண்மைக்கு 100 என்று வைத்து, ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதைக் குறிக்கும் எண்ணைப் பல நிறுவனங்கள் கார்டிலேயே அச்சிடுகின்றன. உங்கள் கூடத்துக்கு அது 60-ஐ ஒட்டி இருந்தால் அறை இருண்டுபோகாது.

மருத்துவமனைத் தோற்றத்துக்குப் பெயின்ட்டைவிட விளக்கையே முதலில் சந்தேகிக்கிறேன். விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு கெல்வின். 6500 கெல்வின் என்று குறிக்கப்பட்ட வெண்ணிற விளக்கில் மென்பச்சை சோகை பிடித்தாற்போல வெளுத்துவிடும். மஞ்சள் சாயலில் ஒளிரும், 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள விளக்கை மாட்டி, அதே அட்டையை மீண்டும் பாருங்கள். பெட்டியில் நிறத்தைக் காட்டும் திறன் (CRI) 90 அல்லது அதற்கு மேல் என்றிருந்தால் இன்னும் நல்லது.

பூச்சில் பளபளப்பில்லாத மேட் வகை, பச்சையை மென்மையாகவே வைத்திருக்கும். பளபளப்பு கூடினால் சுவரின் மேடுபள்ளங்களெல்லாம் வெளியே தெரியும். ரோஜா நிறத்தின் மேல் வெள்ளை பிரைமர் ஒரு கோட் கட்டாயம். கண்ணாடி முன் நின்று முகம் பார்க்கும் இடத்தில் மட்டும் பச்சையைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் சுவரின் பச்சை முகத்தில் பட்டு, நலமாக இருப்பவரையும் வாடியவராகக் காட்டும். உங்கள் கணவர் கேட்கும் வெள்ளைக்கும் இந்தத் திட்டத்தில் இடமுண்டு: மேற்கூரைக்கும் கதவு நிலைகளுக்கும் நீல வெள்ளையாக இல்லாமல் பால் வெள்ளையாக அடித்தால், அதன் அருகில் பச்சை இன்னும் அமைதியாகத் தெரியும். முதலில் படுக்கையறையை மட்டும் முடித்து, இருவரும் ஒரு வாரம் அதில் இருந்து பார்த்தபின் கூடத்துக்குப் பெயின்ட் வாங்குங்கள்.