அரிசிக்கு மாறியவர்கள்

அன்புள்ள ஐயா,

திருவள்ளூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எனக்கு. எங்கள் ஊர் கோயில் பழைய வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் காலத்தது, இப்போது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). நாற்பது குடும்பங்கள் இருக்கிறோம். சபையின் ஆண்டு விழா மலர் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கூரைக் கொட்டகையில் ஆராதனை தொடங்கிய வருடத்தைக் கணக்கில் எடுப்பதா, அஸ்திவாரக் கல்லில் உள்ள வருடத்தையா? மிஷனரி வில்லியம் கௌடி துரைதான் சபையைத் தொடங்கினார் என்கிறார்கள்; அவருடைய நல்ல படம் எங்கே கிடைக்கும்? அட்டையில் 'மெதடிஸ்ட்' என்று போடலாமா? கடைசியாக ஒன்று. தாது வருஷப் பஞ்சத்தில் அரிசிக்காக மதம் மாறியவர்கள் என்று எங்கள் முன்னோரைச் சுற்று வட்டாரத்தில் இன்றும் கேலி பேசுகிறார்கள். அந்தப் பேச்சையே மலரில் எடுக்க வேண்டாம் என்கிறது கமிட்டி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஜே.

*

அன்புள்ள ஜே.,

முதல் மூன்றையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். எந்த வருடத்தை வேண்டுமானாலும் எடுங்கள். கொட்டகை வருடத்தை எடுத்தால் கட்டடத்துக்கு இன்னொரு விழா கொண்டாடலாம், பிரியாணி இரண்டு முறை. துரையின் படம் இல்லாவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது. அட்டையில் வெறும் மெதடிஸ்ட் என்று போடாதீர்கள். பிரிட்டிஷ் மெதடிஸ்ட் மிஷன் வழிவந்த தென்னிந்தியச் சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று மற்ற சபைகளோடு சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆகிவிட்டன. அமெரிக்க மெதடிஸ்டுகள் வழிவந்த சபை அதில் சேராமல் இன்றும் அதே பெயரில் தனியாக இருக்கிறது. வீண் குழப்பம்.

நான்காவது கேள்விக்காகத்தான் இந்தப் பதிலே. சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில், நிறையப் படித்த மனிதர் ஒருவர் இதே பேச்சைச் சிரித்துக்கொண்டே சொன்னார். இலையில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார் என்பதுதான் விசேஷம். அன்றிலிருந்து மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் வந்தது நல்லதாகப் போயிற்று.

முதலில் உங்கள் கமிட்டியைத் திட்ட வேண்டும். பஞ்சம் 1876 முதல் 1878 வரை. கௌடி இக்காட்டையும் திருவள்ளூரையும் சுற்றிச் சேரிகளில் வேலை செய்தது 1890களில். சபையைத் தொடங்கியவர் கௌடி என்றும் நம்புகிறீர்கள், பஞ்சத்தில் மாறினோம் என்ற பேச்சுக்கும் கூனிக் குறுகுகிறீர்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வந்தவர் எந்தப் பஞ்சத்துக்கு எந்த அரிசியைக் கொடுத்தார்? இல்லை, அவருக்கு முன்னால் வேறு யாரோ கொடுத்தார் என்றால், அரிசி நின்ற பிறகும் இவர்கள் ஏன் நின்றார்கள்? இரண்டில் ஒன்றையாவது கேட்டிருக்க வேண்டாமா? எதிராளி சொல்கிறான் என்பதற்காகத் தலையைக் குனிந்துகொள்வது என்ன பழக்கம், தம்பி?

சரி, பசிக்காகவே போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று குறைத்தார். அரைக்கிலோ கூட இல்லை. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷே இது உயிரைத் தாங்காது என்று எதிர்த்து எழுதினார். அந்த முகாம்களில் எல்லாச் சாதியும் நின்றது. அந்தத் தானியத்தை வாங்கியவர்களை யாரும் 'தானியத்துக்காக ராணியின் பிரஜை ஆனவர்கள்' என்று இன்றுவரை கூப்பிடவில்லை. கேலி ஒரு தெருவுக்கு மட்டும்தான்.

மாறியவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் பாருங்கள். அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் சேரியாள் குடியிருந்த மனைக்கட்டே பல ஊர்களில் மிராசுதாரின் பிடியில்தான் இருந்தது. முறைத்துக்கொண்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில் இந்த நிலைமை இருக்கிறது. சேரி மக்களுக்கு நிலம் ஒதுக்க 1892இல் வந்த பஞ்சமி நில உத்தரவுக்கு அதுதான் தொடக்கம். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மாட்டேன் என்று சொல்கிறான். ஒரு படி அரிசிக்காகச் செய்கிற காரியமா அது?

என் ஆயாவைப் பற்றிச் சொல்கிறேன். உலை கொதிக்கும்போது முறத்தில் இருக்கும் அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பால்பவுடர் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவாள். ஒவ்வொரு வேளையும். ஞாயிற்றுக்கிழமை டப்பாவை முந்தானையில் மூடிக்கொண்டு கோயிலுக்குப் போவாள். அங்கே எல்லாப் பெண்களுடைய அரிசியும் ஒரே கூடையில் கொட்டப்படும்: புழுங்கல், பச்சை, குருணை எல்லாம் கலந்து. அரிசி வாங்க முடியாத வாரத்தில் கேழ்வரகு. அந்தக் கூடைக்குள் யாருடையது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் ஒரே கூடை என்று ஆயா சொல்வாள். அதை விற்ற காசில்தான் சபையைக் கவனித்துக்கொண்ட உபதேசியார் சம்பளத்தில் ஒரு பங்கு, விளக்குக்கு மண்ணெண்ணெய், ஓடு மாற்றும் செலவு. ஆக, அரிசி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது? அந்தப் பந்தி மனிதரிடம் இதைக் கேட்டிருக்க வேண்டும். வாயில் அப்பளம் இருந்தது.

கைப்பிடி அரிசி எங்கள் ஊர்க் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, பல மிஷன் சபைகளில் உண்டு. ஆனால் மெதடிஸ்ட் கோயிலில் அதற்குத் தனிப் பொருத்தம். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் கட்டிய கூடத்துக்குக் கடன் நின்றது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று ஒருவர் யோசனை சொன்னார். பலருக்கு அதுவும் முடியாதே என்று இன்னொருவர் இழுத்தார். சரி, இருப்பதிலேயே ஏழைகளாகப் பதினோரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போட்டுவிடுகிறேன் என்றாராம் முதலில் பேசியவர். பென்னி வாங்க வாராவாரம் வீட்டுக்குப் போனவர்களுக்குத்தான் அந்த வீடுகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. சிறு குழுவாகக் கூடுகிற மெதடிஸ்டுகளின் 'வகுப்புக் கூட்டம்' அப்படித்தான் பிறந்தது. கடன் வசூலில் தொடங்கிய ஆன்மிகம் என்று யாரும் அவர்களைக் கேலி செய்வதில்லை.

ஆகவே எழுதுங்கள். பக்கம் ஒதுக்கி எழுதுங்கள். கௌடியைக் குறைத்துச் சொல்லவில்லை, பெரிய உழைப்பாளிதான். ஆனால் எந்தத் துரையும் ஒவ்வொரு சிற்றூரிலும் குடியிருக்க முடியாது. மழையில் ஒழுகும் வீட்டில் இருந்துகொண்டு பகலில் பள்ளிக்கூடமும் இரவில் ஜெபமும் நடத்திய உபதேசியார்களின் பட்டியலைத் தேடுங்கள். வேதம் சொல்லிக்கொடுக்க வீடு வீடாகப் போன பைபிள் உமன்களின் பெயர்களையும்.

எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். ஞானஸ்நான ரெஜிஸ்தர் இருக்கிறதே. தகப்பன் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கும். நான் பார்த்த ஒன்றில் முதல் வரியில் 'கூலி'. அதற்குக் கீழே பக்கம் முழுக்க 'மேற்படி, மேற்படி'. பக்கம் பக்கமாக அப்படியே. கையெழுத்து மாறுகிறது, ஊதா மை கறுப்பாகிறது, மேற்படி மட்டும் மாறவில்லை. அப்புறம் ஒரு பக்கத்தில், பேனாவை அழுத்தி, 'உபாத்தியாயர்'. கொஞ்சம் தள்ளி 'கோலார் சுரங்கம்'. நாற்பதுகளில் 'பட்டாளம்'. பிறகு 'பெரம்பூர் ரயில்வே'. அந்த ஒரு கட்டத்தை மேலிருந்து கீழே அச்சடித்தால் போதும், மலரில் எனக்கு வேறு வரலாறு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. குடும்பப் பெயர்ப் பட்டியலை யாரையும் கேட்காமல் அச்சிடாதீர்கள். 1950 ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை ஏறக்குறைய இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் இல்லை. கோயிலில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழும் வீடுகள் உங்கள் நாற்பதுக்குள்ளும் இருக்கலாம். அவரவர் வீட்டு நடையேறிப் போய்க் கேளுங்கள், வாட்ஸாப்பில் கேட்காதீர்கள்.

ரெஜிஸ்தரைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். பாதுகாக்கிறேன் என்று லாமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், பழைய தாள் பாழாகிவிடும். எம்.எல்.ஏ. வாழ்த்துரையைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். மலர் வந்ததும் எனக்கு மூன்று பிரதி அனுப்புங்கள், காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். ஒன்று அந்தப் பந்தி மனிதருக்கு.