சுவரைவிடக் கண்ணாடி அதிகம்

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கும் மகள் ஹார்ட்விக் ஹால் என்ற பழைய மாளிகையின் படம் அனுப்பியிருக்கிறாள். முகப்பு முழுக்க ஜன்னல். சிமென்ட்டும் கம்பியும் இல்லாத காலத்தில் கட்டியது எப்படி நிற்கிறது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: கட்டடம் கட்டியே பிழைத்தவனிடம் சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள், அம்மா. சூட்சுமம் முகப்பில் இல்லை. வீட்டின் நடுவில் இருக்கிறது.

டெர்பிஷயரில் உள்ள இந்த வீட்டின் வேலை 1590இல் தொடங்கியது, 1597இல் குடிபுகுந்தார்கள். வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பார்கள். கல்வேலையில் ஊறியவர், அது தெரிகிறது. பாரம் தாங்க நீளவாக்கில் நடுவே ஒரு தடித்த சுவரை எழுப்பி, புகைபோக்கிகளில் பெரும்பாலானவற்றை அதற்குள் அடக்கிவிட்டார். வெளிச்சுவரைக் கண்ணாடிக்கு விட்டுக்கொடுக்க முடிந்தது அதனால்தான். இருந்தும் சில ஜன்னல்கள் பொய்! வெளியே கண்ணாடி, பின்னால் வெறும் சுவர். முகப்பின் ஒழுங்கு கெடக்கூடாதாம். எனக்கு இந்தத் தில்லுமுல்லு ரொம்பப் பிடிக்கும்.

படத்தை இன்னொரு முறை பாருங்கள். மாடி ஏற ஏற ஜன்னலின் உயரமும் கூடும். நம் கோயில் கோபுரம் மேலே போகப் போகச் சிறுக்குமே, அதற்கு நேர் எதிர். கீழே வேலையாட்கள், முதல் மாடியில் குடும்பம், இரண்டாம் மாடியில் பெரிய மனிதர்களை வரவேற்கும் கூடங்கள். மதிப்பு கூடக்கூடக் கண்ணாடியும் கூடியது. அன்றைக்குக் கண்ணாடி கொள்ளை விலை.

கட்டியவர் பெஸ் என்று அழைக்கப்பட்ட எலிசபெத், ஷ்ரூஸ்பரி சீமாட்டி. நான்கு முறை மணந்து நான்கு முறையும் விதவையானவர். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் நிறுத்தி வைத்தார். அடக்கம் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது; சிக்கனம் நன்றாகத் தெரியும். நீண்ட கூடத்துக்காக சுவரில் தொங்கவிடும் 13 சித்திரத் திரைச்சீலைகளை 1592இல் வாங்கியபோது, பழைய உரிமையாளரின் குலச்சின்னத்தை மறைத்துத் தன்னுடையதைப் போடும் செலவு என்று விலையில் 5 பவுண்டு கழித்துக்கொண்டார்.

கண்ணாடி வழியே வரும் வெளிச்சம்தான் அந்தத் திரைச்சீலைகளுக்கு எமன். அவற்றைச் செப்பனிடும் வேலை 24 ஆண்டுகள் இழுத்து 2023இல்தான் முடிந்தது. இப்போது மாளிகையைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், வெயில் உள்ளே வராமல் அந்த ஜன்னல்களுக்கு மறைப்புப் போட்டு வைக்கிறது. உங்கள் மகள் உள்ளே எடுத்த படங்கள் இருட்டாக இருந்தால் கேமராவைக் குறை சொல்ல வேண்டாம்.