வெளுத்துப்போன கடல் சாமந்தி: தீனிக்கு முன் உப்பைப் பாருங்கள்

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்தேன். அதில் லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை), சில பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள் உள்ளன. ஆறு வாரங்களுக்கு முன் பபிள் டிப் (கொம்பு நுனிகள் குமிழ் போல இருக்கும்) வகைக் கடல் சாமந்தி (சீ அனிமோன்) ஒன்றை விட்டேன். வந்தபோது நல்ல பழுப்பு நிறம். இப்போது காகிதம் போல வெளுத்துவிட்டது. இரவில் சுருங்கிப்போகிறது. இடம் மாறி மாறி, இப்போது அலை மோட்டார் பக்கம் போய் நிற்கிறது. தினமும் ஒரு முழு இறால் கொடுக்கிறேன், சில மணி நேரத்தில் துப்பிவிடுகிறது. வெளிச்சம் போதவில்லையோ என்று விளக்கையும் கூட்டினேன். தண்ணீர் குறைந்தால் உப்பு கலந்த நீரைத்தான் ஊற்றுகிறேன். உப்பின் அளவு (ஒப்படர்த்தி, அதாவது நன்னீரைவிட எத்தனை மடங்கு கனம்) 1.029 காட்டுகிறது, மதியத்தில் வெப்பம் 30 டிகிரி. மீன்களும் அதை நெருங்குவதில்லை. காப்பாற்ற முடியுமா?

பதில்: வாய் இறுக மூடியிருந்து, பாதம் பாறையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறதென்றால் காப்பாற்றலாம். முதலில் இன்றைக்கே அந்த மோட்டாருக்கு ஒரு வலையோ பஞ்சு உறையோ போட்டுவிடுங்கள். மோட்டாருக்குள் இழுபட்ட சாமந்தி பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதன் சிதைவு தொட்டியில் உள்ள மற்ற உயிர்களையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். பஞ்சு உறையில் அழுக்கு அடைத்துக்கொள்ளும், சில நாளுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள்.

அடுத்து உப்பு. உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்ட முதல் தவறு இதுதான். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு அங்கேயே தங்கிவிடும். அந்தக் குறைவை உப்புநீரால் ஈடுகட்டினால் ஒவ்வொரு முறையும் உப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நீங்கள் எட்டியிருக்கும் 1.029 அப்படி வந்ததுதான். சாமந்திக்கு வேண்டியது 1.025 முதல் 1.026 வரை. ஆவியானதை ஈடுகட்ட இனி உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். உப்பு கலந்த நீர் தண்ணீர் மாற்றும் நாளுக்கு மட்டும்தான். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு நேராக ஒரு நாடா ஒட்டி வையுங்கள். தினமும் அந்தக் கோடு வரை நிரப்பினால் போதும்.

இப்போது ஏறியிருக்கும் உப்பை ஒரே நாளில் இறக்கிவிடாதீர்கள். கொஞ்சம் தொட்டி நீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் விடுங்கள், நாளுக்கு 0.001 குறைந்தால் சரி. அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரே தவறாகக் காட்டக்கூடும் என்பதால், தொடங்கும் முன் உப்பின் அளவு தெரிந்த சோதனைத் திரவத்தை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெப்பத்தையும் இப்படித்தான், நாளுக்கு ஒரு டிகிரி வீதம் 25, 26க்குக் கொண்டுவாருங்கள். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன விசிறி வைத்தாலே நன்றாக இறங்கும். ஆனால் விசிறி வைத்தால் ஆவியாவதும் கூடும், நாடாக் கோடு வரை நிரப்ப மறந்துவிடாதீர்கள்.

இனி வெளுப்புக்கு வருவோம். பெயரில் பூ இருந்தாலும் சாமந்தி ஒரு விலங்கு. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு சாமந்திக்குப் போகிறது. அந்தப் பழுப்பு நிறமே பாசிகளுடையதுதான். வெப்பமோ உப்போ தாறுமாறானாலும், பழகாத கடும் வெளிச்சம் திடீரென்று விழுந்தாலும் சாமந்தி அந்தப் பாசிகளை இழந்துவிடும். ஆக, உங்கள் சாமந்தி இப்போது பசியில் இருக்கிறது. பாசி இல்லாத உடம்பின் மேல் விளக்கைக் கூட்டினால் பசி தீராது, வெளிச்சம் சுடத்தான் செய்யும். விளக்கைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு வாரம் அப்படியே விட்டு, பிறகு நான்கைந்து வாரங்களில் படிப்படியாக ஏற்றுங்கள். நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் விளக்கு எரிந்தால் போதும்.

தீனியில் உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் ஒரு முழு இறால் அதற்கு மிக அதிகம். செரிக்க முடியாததைத் துப்புகிறது, துப்பியது அழுகித் தண்ணீரைக் கெடுக்கிறது. உப்போ மசாலாவோ படாத பச்சை இறாலை, இல்லாவிட்டால் கடல் மீன் சதையை, அதன் வாயைவிடச் சின்னதாக, பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு மெல்ல உணர்கொம்பின் மேல் வையுங்கள். வெளுத்திருக்கும் வரை வாரம் இரண்டு மூன்று முறை கொடுக்கலாம். கால் மணி நேரத்தில் எடுத்துக்கொள்ளாவிட்டால் வெளியே எடுத்துவிடுங்கள். அப்புறம் மோட்டாரைப் போட மறக்க வேண்டாம்.

இரவில் சுருங்குவதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. எப்போதாவது பழுப்பு நூல் போலக் கழிவைத் தள்ளுவதும் இயல்பே. நுனிக் குமிழ்கள் மறைந்து கொம்புகள் நீண்டு போவதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டாதீர்கள். ஆனால் வாய் அகலத் திறந்து உள்ளே இருப்பது வெளியே தள்ளி, கொம்புகள் கரைந்து, நாற்றம் அடித்தால் உடனே எடுத்துவிடுங்கள். அந்த நிலையில் தாமதித்தால் அம்மோனியா ஏறி மீன்கள் போய்விடும்.

இடம் மாறுவதை நீங்கள் கையால் திருத்தக் கூடாது. பாறையிலிருந்து பிய்த்தால் பாதம் கிழியும், அந்தக் காயம் ஆறுவது கடினம். பபிள் டிப் வகைக்குப் பாதத்தைச் செருகிக்கொள்ளப் பாறை இடுக்கு வேண்டும், கொம்புகளுக்கு வெளிச்சமும் மிதமான நீரோட்டமும் வேண்டும். பிடித்த இடம் கிடைத்ததும் தானே நிற்கும். பாறை இடுக்கு தொட்டியில் இல்லையென்றால், சாமந்தியைத் தொடாமல் பக்கத்தில் இரண்டு கற்களைச் சாய்த்து ஒன்று அமைத்துக் கொடுங்கள். அருகில் பவளம் இருந்தால் நகர்த்திவிடுங்கள், சாமந்தி தொட்டால் பவளம் எரிந்துபோகும்.

கோமாளி மீன்களை அவசரப்படுத்தாதீர்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட சாமந்தி வகைகளில் பத்தில்தான் அவை இயற்கையாகக் குடியிருக்கின்றன. பபிள் டிப் அந்தப் பத்தில் ஒன்று என்றாலும், தொட்டியில் பிறந்து வளர்ந்த மீன்கள் சேர மாதக்கணக்காகலாம். சாமந்தி இல்லாமலும் அவை நன்றாக வாழும். உண்மையில் இப்போது சேராமல் இருப்பதே நல்லது, தளர்ந்த சாமந்தியை மீன்கள் உரசி உரசி மேலும் சுருங்க வைத்துவிடும். மீனுக்கு நோய் வந்தால் தாமிரம் கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஒரு துளியும் விடாதீர்கள், சாமந்திக்கு அது நஞ்சு. மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் செய்ய வேண்டும்.

நான்கு மாதத் தொட்டி என்பதையும் சொல்லியாக வேண்டும். குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் ஓடி நிலைத்த தொட்டியில்தான் சாமந்தியை விடச் சொல்வேன். ஏற்கெனவே விட்டாயிற்று, எனவே வாரம் ஒருமுறை அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் பாருங்கள், இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கலாம், அதையும் பூஜ்யமாக்கப் போராட வேண்டாம்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் இவை நெடுநாள் வாழும். ஸ்காட்லாந்துக் கரையில் 1828இல் எடுக்கப்பட்ட ஒரு சாமந்தி, வேறு வகைதான், 1887 வரை கண்ணாடிப் பாத்திரத்தில் வாழ்ந்தது. உங்களுடையது நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். வாரம் ஒரு நாள், அதே விளக்கில், அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குப் படாத மாற்றம் நான்கு படங்களை வரிசையாக வைத்தால் தெரியும்.