லைட்ரூம் 6இல் சிஆர்3 திறக்கவில்லையா? கெமராவைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: ஹட்டனில் கலியாண வீடு, கோயில் திருவிழாப் படங்கள் எடுக்கிறேன். அண்மையில் கெனன் ஆர்50 வாங்கினேன். ஸ்டூடியோ கணினியில் விண்டோஸ் 7, படம் திருத்தும் அடோபியின் லைட்ரூம் 6.14 இருக்கின்றன. ஜேபெக் படம் வருகிறது, கெனனின் ரா கோப்பான (சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது) சிஆர்3 மட்டும் உள்ளே போக மறுக்கிறது. கோப்பின் பெயரைப் பழைய வகையான சிஆர்2 என்று மாற்றியும் பார்த்துவிட்டேன். மெமரி கார்ட் பழுதா? புதுக் கணினி வாங்காமல் வழி உண்டா?

பதில்: கார்டும் பழுதில்லை, கெமராவும் பழுதில்லை. ஆண்டுக் கணக்குத்தான் இடிக்கிறது. லைட்ரூம் 6இன் கடைசிப் பதிப்பான 6.14 வந்தது 2017 டிசம்பரில். சிஆர்3 என்ற கோப்பு வகையைக் கெனன் கொண்டுவந்ததே 2018இல், எம்50 கெமராவோடு. உங்கள் ஆர்50 வெளியானது 2023இல். அந்த மென்பொருளுக்கு இனி அப்டேட் வரப்போவதுமில்லை.

பெயரை மாற்றுவது தேயிலைச் சாக்கில் கோப்பி என்று எழுதிவைப்பது போலத்தான். சிஆர்2 உள்ளே டிஃப் என்ற படக் கோப்பின் அமைப்பில் கட்டப்பட்டது. சிஆர்3 அப்படியல்ல, எம்பி4 வீடியோவின் கட்டமைப்பைச் சேர்ந்தது. படத்தோடு சேர்ந்து பதியும் எக்சிஃப் தகவலில் கெமராவின் பெயரைப் பழைய மாடலாக மாற்றும் தந்திரத்தையும் சிலர் சொல்வார்கள். ஒரே சென்சர், ஒரே கோப்பு வகை உள்ள இரண்டு மாடல்களுக்கிடையே அது சிலவேளை பலிக்கும். சிஆர்3க்குப் பலிக்காது, பெட்டியையே திறக்கத் தெரியாதவனுக்கு லேபலை மாற்றி என்ன பயன்?

உங்களுக்கு உகந்த வழி அடோபியின் டிஎன்ஜி கன்வர்ட்டர். சிஆர்3ஐ டிஎன்ஜி என்ற அடோபியின் பொது ரா வகைக்கு மாற்றித் தரும். இலவசம், சந்தா கேட்காது. ஆனால் ஆர்50ஐ அறிந்த பதிப்புகள் விண்டோஸ் 7இல் ஏறாது, 64 பிட் விண்டோஸ் 10 வேண்டும். அதற்காகப் புதுக் கணினி வாங்கத் தேவையில்லை. வீட்டுப் பிள்ளைகளின் மடிக்கணினியோ நண்பரின் கணினியோ போதும். அங்கே மாற்றி, ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவந்து ஸ்டூடியோக் கணினியில் போடலாம். நிறுவும் கோப்பு பெரியது, இரவு டேட்டா இருக்கும் நேரத்தில் இறக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் கார்டிலுள்ள படங்களை ஒரு ஃபோல்டருக்குப் பிரதி எடுங்கள், கார்டிலிருந்தே நேரடியாக மாற்ற வேண்டாம். கன்வர்ட்டர் தனிப் படங்களைக் கேட்பதில்லை, ஃபோல்டரைத்தான் கேட்கும். ஃபோல்டரைத் திறந்து பார்த்து, உள்ளே ஒன்றும் தெரியவில்லையே என்று பலர் திரும்பிவிடுவது இந்த இடத்தில்தான். ஃபோல்டரைத் தெரிவு செய்துவிட்டு, சேமிக்கும் இடமாக வேறொரு ஃபோல்டரைக் காட்டுங்கள்.

அடுத்தது 'சேஞ்ச் ப்ரிஃபரன்சஸ்'. இங்கே தவறினால் மாற்றிய கோப்பும் லைட்ரூம் 6இல் திறக்காமல் போகலாம். 'கம்பாட்டிபிலிட்டி' என்ற இடத்தில் 'கெமரா ரா 7.1 அண்ட் லேட்டர்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். 7.1 என்பது ரா கோப்பை வாசிக்கும் அடோபியின் 'கெமரா ரா'வின் எண், லைட்ரூமின் எண்ணல்ல. பெயரில் 'லேட்டர்' என்று இருப்பதால் அதற்குப் பின்வந்த லைட்ரூம் 6உம் அதை வாசிக்கும். பட்டியலில் கீழே உள்ள புதிய தெரிவுகள் உங்களுக்கு வேண்டாம். ஜேபெக் ப்ரிவியூ 'மீடியம்' இருக்கட்டும். 'லாஸி கம்ப்ரெஷன்' வேண்டாம், தகவல் இழக்கும். 'எம்பெட் ஒரிஜினல்' வேண்டாம், மூலக் கோப்பையும் உள்ளே திணித்து அளவை இரட்டிப்புக்குக் கிட்டக் கொண்டுபோகும். 'கஸ்டம்' பகுதிக்குள் இருக்கும் 'லீனியர்' தெரிவையும் தொடாதீர்கள். சென்சர் ஒரு பிக்சலுக்கு ஒரு நிறத்தைத்தான் பதிகிறது. லீனியரில் மூன்று நிறங்களும் கணக்கிடப்பட்டு எழுதப்படுவதால் கோப்பு ஊதிவிடும்.

கெமராவில் சி-ரா என்ற சுருக்கப்பட்ட வகையில் எடுத்திருந்தால் டிஎன்ஜி மூலத்தைவிடப் பெரிதாக வரும். அது கோளாறல்ல. சி-ரா சிறிது தகவலை விட்டுச் சுருக்குகிறது, டிஎன்ஜி இழப்பில்லாமல் எழுதுகிறது. போன தகவல் அதனால் திரும்பி வராது.

மாற்றியதும் ஐந்தாறு படங்களை லைட்ரூமில் திறந்து நூறு வீதத்தில் பாருங்கள். முகத்தின் நிறம் கெமரா ஜேபெக்கைப் போல இராது. அடோபியின் நிறக் கணக்கு வேறு, கெமராவுக்குள் இருக்கும் கெனனின் நிற அமைப்பான பிக்சர் ஸ்டைல் வேறு. ஒருமுறை சரிசெய்து ப்ரிசெட் ஆக்கிவைத்தால் போதும். லென்ஸ் பட்டியலில் ஆர்எஃப்-எஸ் 18-45 இல்லாமல் போகலாம். 18 மி.மீ.இல் எடுத்த மணவறைத் தூண்கள் வளைந்து தெரிந்தால் 'டிஸ்டோர்ஷன்' ஸ்லைடரைக் கையால் நகர்த்த வேண்டியதுதான். சிஆர்3 மூலங்களை மட்டும் அழிக்காதீர்கள்.

கெனனின் டிஜிட்டல் ஃபோட்டோ ப்ரொஃபெஷனலும் இலவசம், நிறம் கெமராவோடு அப்படியே ஒத்துப்போகும். அதிலிருந்து லைட்ரூமுக்குக் கொண்டுவர 16 பிட் டிஃப் ஆக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6000க்கு 4000 பிக்சல், மூன்று நிறம், நிறத்துக்கு 2 பைட். ஒரு படம் 144 எம்பி. ஒரு கலியாணத்தின் 1000 படங்களுக்கு 144 ஜிபி. ஆல்பத்தின் முகப்புக்குப் போகும் நாலு படத்துக்கு இது சரி, முழு வேலைக்குச் சரிவராது.

விண்டோஸ் 10க்கு மாறும் நாள் வந்தால் ரா படம் திருத்தும் மென்பொருள்களான டார்க்டேபிளையும் ரா-தெரபியையும் பாருங்கள். இரண்டும் இலவசம், இரண்டும் சிஆர்3 வாசிக்கும். டார்க்டேபிள் 3.8இலிருந்து லிப்ரா என்ற நூலகத்தின் மூலம் அதைத் திறக்கிறது. நிக்கோன் இசட் வரிசையில் 'ஹை எஃபிஷியன்சி' ரா எடுப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அந்தச் சுருக்கம் தனியார் உரிமத்தில் இருப்பதால் திறந்த மென்பொருள்களில் சிக்கல். 'லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்ட்' வைத்து எடுங்கள்.

சோனி, நிக்கோன் போன்ற கெமராக்களுக்கு டார்க்டேபிளின் கெமரா பட்டியல் கோப்பில் தாங்களே ஒரு மாடலைச் சேர்ப்பவர்களும் உண்டு. வேண்டியவை நான்கு: நிற அடுக்கின் ஒழுங்கு (சென்சரில் சிவப்பு, பச்சை, நீலம் அமைந்த முறை), ஓரம் வெட்டும் அளவு, கறுப்பு மட்டம் (முழு இருட்டுக்குரிய எண்), வெள்ளை மட்டம் (வெளிச்சம் நிரம்பி நிற்கும் எண்). கூடவே வேண்டிய நிற அணியை (சென்சரின் நிறத்தைச் சரியான நிறமாக மாற்றும் எண்கள்) டிஎன்ஜி ஆக்கிய கோப்பிலிருந்து எக்சிஃப்டூல் என்ற கருவி கொண்டு எடுக்கலாம்: 'கலர் மேட்ரிக்ஸ் 2'இல் உள்ள ஒன்பது எண்களையும் 10,000ஆல் பெருக்கி எழுத வேண்டும். பகல் வெளிச்சத்துக்குரியது அதுதான்.

எண் பிழைத்தால் படமே காட்டிக்கொடுக்கும். தலவாக்கலைப் பக்கம் காலையில் எடுத்த படத்தில் மலைமேல் நிற்கும் வெள்ளை மூடுபனி ரோசாப்பூ நிறமாக வந்தால் வெள்ளை மட்டம் கூடிவிட்டது. பச்சைதான் முதலில் நிரம்பி நின்றுவிடும், வெள்ளைச் சமநிலை சிவப்பையும் நீலத்தையும் மேலும் பெருக்குவதால் வெள்ளை சிவக்கிறது. அதே படத்தில் தேயிலைச் செடிகளின் நிழல் ஊதாவாகப் பூத்தால் கறுப்பு மட்டம் குறைந்துவிட்டது. விளிம்பில் வண்ணக் கோடு ஓடினால் வெட்டும் அளவு பிழை. 14 பிட் கோப்பில் வெள்ளை 16383க்கு மேல் போகவே முடியாது. அதைவிடக் கூடிய எண்ணை எழுதியிருந்தால் அங்கிருந்தே தேடத் தொடங்கலாம்.

அடுத்த முகூர்த்தத்துக்கு முன் வீட்டு வாசலில் பத்துப் படம் எடுத்து, மாற்றி, பிரிண்ட் வரைக்கும் போய்ப் பாருங்கள். அதுவரை கெமராவை 'ரா + ஜேபெக்'கில் வைத்துவிடுங்கள்.