20 வயதில் கீழ்முதுகு வலி: டிஸ்க் பிரச்சினையா?

"பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், 20 வயதுதான். அதற்குள் கீழ்முதுகு வலிக்கிறது. டிஸ்க் விலகியிருக்குமோ?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உடனே டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் தட்டு, விலகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். கீழ்முதுகு வலிகளில் சுமார் 90 சதவீதத்துக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டிக்காட்டும்படி காரணம் இருக்காது. வலியே இல்லாத பலருடைய ஸ்கேனிலும் டிஸ்க் பிதுக்கம் தெரிவதுண்டு.

எல்லோரும் பழியைப் புத்தகப் பையின் மேல் போடுவார்கள். நான் முதலில் சந்தேகப்படுவது அசையாமல் உட்கார்வதைத்தான். பகல் முழுக்க வகுப்பு பெஞ்சு, அப்புறம் விடுதிக் கட்டிலில் லேப்டாப்போடு கூனிக்கொண்டு நள்ளிரவு வரை. தூக்கக் குறைவு, புகைப்பழக்கம், உடல் பருமன், தேர்வு நேர மன அழுத்தம் எல்லாம் இதோடு சேரும். மன அழுத்தமா என்று சிரிக்காதீர்கள். தசையை இறுக்குவதோடு, வலியை மூளை உணரும் அளவையும் அது கூட்டிவிடும்.

சரி, என்ன செய்யலாம்? படுத்தே கிடக்காதீர்கள், அப்படிக் கிடந்தால் வலி தாமதமாகத்தான் குறையும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைத்திருந்து, நடமாடினால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடி, இப்படியே மூன்று மாதம் நீடித்தால் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி உண்டாக்கும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற நோயாக இருக்கலாம். அது பெரும்பாலும் 40 வயதுக்கு முன்பே தொடங்கும். கால்கள் பலமிழந்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.