குடியை நிறுத்தும் மருந்துகள், போட்டால் எப்படி இருக்கும்? (பெங்களூரு தமிழர்களின் கேள்வி பதில்)

அல்சூர்: டைசல்ஃபிராம், நால்ட்ரெக்சோன், என்ன வித்தியாசம் டாக்டர்?

டைசல்ஃபிராம் போட்டவருக்குக் குடிக்காதவரை பெரிதாக ஒன்றும் தெரியாது. குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். சாராயம் உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைட் ரத்தத்திலேயே தேங்கிவிடுவதுதான் காரணம். மாத்திரையை விட்டு 2 வாரம் வரைகூட இப்படி ஆகலாம்.

நால்ட்ரெக்சோன் (தினம் 50 மி.கி.) மிரட்டாது. குடித்தால் தள்ளாட்டம் வரும், குஷி குறையும். "சப்புனு இருக்கு, காசு தண்டம்" என்பார்கள். மூளையில் குஷியை உணரவைக்கும் ஓபியாய்டு ஏற்பிகளை அது அடைத்துவிடுகிறது. ஆரம்பத்தில் குமட்டும், சாப்பிட்டபின் போடுங்கள். டிரமடால் மாதிரி ஓபியாய்டு வகை வலி மாத்திரை எடுப்பவர்கள் அதை நிறுத்தி 7 முதல் 10 நாள் கழித்துத்தான் தொடங்க வேண்டும்.

சிவாஜி நகர்: வீட்டுக்காரருக்குத் தெரியாமல் டைசல்ஃபிராமை சாம்பாரில் கலக்கலாமா?

கூடாதும்மா. தெரியாமல் குடித்து ரத்த அழுத்தம் இறங்கினால் உயிரே போகலாம்.

ஸ்ரீராமபுரம்: காபியில்?

சாம்பாருக்குச் சொன்னதுதான்.

ஜீவன்பீமா நகர்: 3 வாரமாக அகாம்ப்ரோசேட் (குடி ஆசையைக் குறைக்கும் மாத்திரை). ஒன்றுமே தெரியவில்லை, விட்டுவிடவா?

விடாதீர்கள். அது உணர்ந்து தெரிகிற மருந்தில்லை. சாயங்காலம் ஆனால் குடிக்கச் சொல்லி வரும் அந்த நமைச்சல் இப்போது எத்தனை நாள் வருகிறது என்று எண்ணுங்கள். 333 மி.கி. மாத்திரை, வேளைக்கு 2, மூன்று வேளை. மதிய வேளையைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். சிறுநீரகம் பழுதென்றால் அளவு குறையும்.

விவேக் நகர்: இதெல்லாம் எதற்கு? காளான் மருந்து சைலோசைபின் ஒரே நாளில் மனிதனை மாற்றுமாமே?

ஒரே நாளில் இல்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தார் 2022-இல் வெளியிட்ட ஆய்வில் 12 வாரம் மனநல சிகிச்சை, நடுவே 2 முறைதான் மருந்து. அளவுமீறிக் குடித்த நாட்கள் சைலோசைபின் எடுத்தவர்களுக்கு 9.7%, ஒப்பீட்டு மருந்து எடுத்தவர்களுக்கு 23.6%. ஆனால் எது கிடைத்தது என்பதைப் பெரும்பாலோர் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒப்பீட்டு மருந்தான டைஃபென்ஹைட்ரமின் தூக்கம்தான் தரும், சைலோசைபின்போல் இல்லாத காட்சிகளைக் காட்டாது. எதிர்பார்ப்பு எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

விவேக் நகர், மறுபடி: தெரியாததை நம்பு, தெரிவதை நம்பாதே என்கிறீர்களா? மயக்க மருந்து கெட்டமின் எப்படி?

அனுபவத்தின் பலத்தை வைத்து மருந்தை எடைபோடாதீர்கள் என்கிறேன். கெட்டமின் ஊசியில் உடம்பைவிட்டு விலகி மிதப்பதுபோல் இருக்கும், ஒரு மணிக்குள் இறங்கிவிடும். சைலோசைபின் 4 முதல் 6 மணி நேரம். ஒருவருக்குப் பரவசம், இன்னொருவருக்குப் பீதி. சைலோசைபின் இங்கே 1985 போதைப்பொருள் சட்டப்படி குற்றம். வாங்கும் வழி கேட்காதீர்கள்.

கே.ஆர்.புரம்: இட்லி மாவில் கலந்தால்...

அம்மா, மேலே இரண்டு பதில் இருக்கிறது!

ஹலசூரு: தினம் ஒரு ஃபுல். நாளைக்கே மொத்தமாக நிறுத்தட்டுமா?

வீட்டில் வேண்டாம். நிறுத்திய 6 முதல் 48 மணிக்குள் வலிப்பு, 2, 3 நாளில் பிதற்றல் வரலாம். நேரே ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் (மனநல, நரம்பியல் மருத்துவமனை) போங்கள். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) போட்டாயிற்றா என்று கூட வருபவர் கேட்கட்டும்.